பவர் ஏறாமல் பிடித்து வைக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் வீட்டிலிருந்து இரண்டே கேள்விதான் வரும். ஒன்று, "எந்த நேரமும் போடவேணுமோ?" மற்றது, "வளந்தாப் பிறகு லேசர் செய்து கழட்டலாம்தானே?" இந்த இரண்டு கேள்விக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடக்கிறது. அந்த வருடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தூரம் மங்கித் தெரிகிற குறும்பார்வையில் மைனஸ் ஒன்று மைனஸ் ஆறாக மாறுவது அதற்குள்தான். வருடத்துக்கு ஒரு தடவை போய்ச் சோதித்து, பழையதைவிடத் தடித்த கண்ணாடி ஒன்றை வாங்கி, "இந்த முறையும் கொஞ்சம் கூடிட்டுது" என்று ஆளுக்காள் சொல்லிவிட்டு மற்ற அலுவலைப் பார்க்கப் போய்விடுவோம். எனக்கு மைனஸ் எட்டு வந்து சேர்ந்தது இப்படித்தான். அந்தக் காலத்தில் செய்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அது ஏறுவதை மெதுவாக்க வழி இருக்கிறது. மகளுக்காக வாசித்ததையும் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மகள் மூன்றாம் வகுப்பு. பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுத இடத்தைவிட்டு எழும்பி வருகிறாள் என்று ரீச்சர் சொல்லி அனுப்பினார். கண் டொக்டர் மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை வெளியில் இருக்கச் சொல்லி, பிறகுதான் சோதித்தார். சின்னப் பிள்ளைகளின் கண் கிட்டப் பார்ப்பதற்காக இறுகியே இருக்கும், மருந்து விட்டு அதைத் தளர்த்தாமல் சோதித்தால் இல்லாத மைனஸும் சேர்ந்து வரும். ஆகவே மருந்து விடாமல் மெசினில் தாடையை வைத்து இரண்டு நிமிடத்தில் பவர் எழுதித் தருகிற இடத்தில் பிள்ளைக்குக் கண்ணாடி செய்யவேண்டாம். இரண்டு கண்ணும் மைனஸ் 1.25 என்று வந்தது.

அம்மாவுக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. "பொன்னாங்காணி தின்னச் சொன்னா ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறாள், பேந்தென்ன?" அடுத்த கவலை அதைவிடப் பெரியது. "பொம்பிளைப்பிள்ளை, இப்பவே கண்ணாடியோ." பொன்னாங்காணியும் முருங்கையிலையும் நல்ல சாமான்தான், விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் குறும்பார்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறும்பார்வை கண்ணின் நீளம் சம்பந்தப்பட்ட விசயம்.

பிறக்கும்போது நம் கண்ணின் முன்பின் நீளம் சுமார் 17 மில்லிமீற்றர். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 24. இந்த வளர்ச்சி சரியான இடத்தில் நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினால் தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு வருவதற்கு முன்னாலேயே குவிந்துவிடும், தூரம் மங்கும். ஒரு மில்லிமீற்றர் கூட நீண்டால் கணக்கில் இரண்டரைப் பவருக்கு மேல் ஏறும். அந்தக் கணக்கில் என் கண் தேவையானதைவிட மூன்று மில்லிமீற்றர் நீளம். பிள்ளையின் உயரம் மாதிரித்தான் இதுவும், வளர்ந்துவிட்டால் திரும்பக் குறையாது. லேசர் என்பது கண்ணின் முன்பக்கத்துக் கருவிழிப் படலத்தைச் செதுக்கி, வெளிச்சம் குவிகிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கண்ணாடி போய்விடும், நீண்ட கண் நீண்டபடியே இருக்கும்.

நீண்டால் என்ன, கண்ணாடி போட்டால் தெரிகிறதுதானே என்று நானும் என் வயதுக்காரரும் நினைத்துக்கொண்டுதான் வளர்ந்தோம். உள்ளே இருக்கிற விழித்திரை கண்ணோடு சேர்ந்து இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறுக்கு மேல் போனவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதுக்குப் பிறகு விழித்திரை கழன்றுபோவது, நடுப்பார்வை தருகிற மக்குலா என்ற பகுதி சிதைவது, கண் நரம்பைப் பழுதாக்குகிற குளுக்கோமா என்று மற்றவர்களைவிட அதிகமாக வரும். இதை வாசிக்கிற தடித்த கண்ணாடிக்காரர் யாராவது இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்குள் திடீரென்று மின்னுவது, கறுப்புப் புள்ளிகள் பொலபொலவென்று கூடுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இழுத்த மாதிரி மறைப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குக் கிளினிக் நாள்தானே என்று இருக்கவேண்டாம்.

சரி, கண் ஏன் நிற்காமல் வளர்கிறது? பரம்பரை ஒரு பங்கு. எனக்கு இருப்பதால் மகளுக்கு வாய்ப்புக் கூட. ஆனால் பரம்பரை மட்டும் என்றால் ஒரே தலைமுறையில் இத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணாடி வராது. 1977இல் ஹார்வர்டில் வீசலும் ரவியோலாவும் குரங்குக் குட்டிகளின் இமையைத் தைத்து மூடி வைத்தபோது, மூடிய கண் நீண்டு குறும்பார்வையாகியதைக் கண்டார்கள். பிறகு கோழிக்குஞ்சுகளின் கண்முன்னே வில்லைகளை மாட்டிப் பார்த்தார்கள். உருவம் விழித்திரைக்குப் பின்னால் விழும்படி வில்லை போட்டால் கண் நீண்டு அதை எட்டிப் பிடித்தது, முன்னால் விழச் செய்தால் வளர்ச்சி மெதுவானது. அதாவது தான் எவ்வளவு வளரவேண்டும் என்பதைக் கண் தனக்குள் விழுகிற உருவத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறது, மூளையைக்கூடப் பெரிதாகக் கேட்பதில்லை. குறும்பார்வை ஏறுவதை மெதுவாக்க இன்றைக்கு இருக்கிற விசேட வில்லைகள் எல்லாம் இந்தக் குஞ்சுகளிடமிருந்து வந்தவைதான். சாதாரணக் கண்ணாடி நடுப்பார்வையைத் துல்லியமாக்கும், ஓரத்தில் விழுகிற வெளிச்சம் மட்டும் விழித்திரைக்குப் பின்னால் போய்க் குவியலாம். ஓரம் "இன்னும் வளர்" என்று சொல்லிக்கொண்டேயிருக்க, நடுவில் மட்டும் நாம் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவின் மகனுக்கு இந்தப் புதுக் கண்ணாடிதான். வீடியோ கோலில் கழற்றிக் காட்டச் சொன்னேன். நேரே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்தான், அப்போதுதான் தெரிந்தது: நடுவில் ஒரு சின்ன வட்டம் தெளிவாக இருக்க, அதைச் சுற்றித் தேன்கூட்டு வடிவத்தில் நுணுக்கமான புள்ளி புள்ளியாக. "பக்கத்தாலை பார்த்தா கொஞ்சம் மங்கும் சித்தி, பேந்து பழகீட்டுது" என்றான். அது ஹொங்கொங் பொலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா என்ற வில்லைக் கம்பனியும் சேர்ந்து செய்த மியோஸ்மார்ட் என்ற வில்லை. ஏறத்தாழ 400 குட்டி வில்லைகள், ஒவ்வொன்றும் பிளஸ் 3.50 கூட. நடுவால் பார்த்தால் தெளிவு, அதே நேரம் அந்தக் குட்டிகள் இன்னொரு உருவத்தை விழித்திரைக்கு முன்னால் விழுத்தி, "போதும், நில்" என்று சொல்கின்றன. எசிலோர் என்ற கம்பனியின் ஸ்டெலஸ்ட் வேறு அமைப்பில் அதே வேலையைச் செய்கிறது. கனடா, ஐரோப்பா, சீனா, இந்தியாவுக்கெல்லாம் இப்படியான வில்லைகள் வந்து சில வருடங்களான பிறகு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 செப்டெம்பரில்தான் ஸ்டெலஸ்டுக்கு அனுமதி கொடுத்தது. குறும்பார்வையை மெதுவாக்குகிறது என்று அங்கே அனுமதி பெற்ற முதல் மூக்குக்கண்ணாடி வில்லை அது.

இப்போது சதவீதக் கதை. விளம்பரத்தில் 60 சதவீதம், 67 சதவீதம் என்று போடுவார்கள். ஹொங்கொங் ஆய்வில் இரண்டு வருடத்தில் சாதாரணக் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 0.85 பவர் ஏறியது, புதுக் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.41. பாதிக்கு மேல் குறைவு, உண்மைதான். ஆனால் கையில் கிடைத்தது அரைப் பவரை விடக் கொஞ்சம் குறைவு. என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அரைப் பவருக்கோ இவ்வளவு காசு?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் இருந்தது. ஆனால் அது இரண்டு வருடத்துக்குத்தான். மகளுக்கு எட்டு வயது, இன்னும் எட்டுப் பத்து வருடம் கண் வளரும். ஒவ்வொரு வருடமும் முதல் வருடத்தைப்போலவே பலன் தராது என்று வைத்துக்கொண்டாலும், கடைசியில் மைனஸ் ஆறு வரவேண்டிய இடத்தில் நாலரையோ ஐந்தோ வந்து நின்றால் அது சின்ன விசயமில்லை. ஒரு பவரைக் குறைத்தால் பிற்காலத்தில் மக்குலா சிதைகிற வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று 2019இல் புலிமோரும் பிரெனனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் பணம் கொடுக்கச் சம்மதித்தது கண்ணாடி மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதற்காக இல்லை, இந்தக் கணக்குக்காகத்தான்.

அக்கா அங்கேயே செய்து அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கண்மணியின் நடுவும் வில்லையின் நடுவும் மில்லிமீற்றர் கணக்கில் பொருந்தவேண்டும், பிறேம் மூக்கிலிருந்து வழியக்கூடாது, பிள்ளையை இருத்தி அளக்காமல் தபாலில் வருகிற சாமான் இல்லை இது. பிறகு சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குச் சென்னை போனபோது அங்கே அளவெடுத்துச் செய்தோம். நாள் முழுக்கப் போடவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஸ்டெலஸ்ட் ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போட்ட பிள்ளைகளுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் மேசையில் கழற்றி வைக்கிற பிள்ளைக்கு இது காசுக்குக் கேடு.

கொன்ராக்ற் லென்ஸிலும் இதே யோசனை உண்டு. மைசைட் என்று தினமும் போட்டு எறிகிற லென்ஸ், 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 8 முதல் 12 வயதுக்குள் தொடங்கவேண்டும். மூன்று வருடத்தில் 1.24 ஏறவேண்டிய இடத்தில் 0.51 ஏறியது. இன்னொன்று ஓர்த்தோ-கே, இரவு நித்திரைக்குப் போகும்போது கட்டியான லென்ஸைப் போட்டால் கருவிழிப் படலத்தை அழுத்தி வடிவம் மாற்றிவிடும், பகலில் கண்ணாடி தேவைப்படாது, கண் நீள்வதும் குறைகிறது. கண்ணாடியே வேண்டாம் என்று நினைக்கிற அம்மாமாருக்கு இது தேன். எனக்குப் பயம். மூடிய கண்ணுக்குள் இரவு முழுக்க லென்ஸ் கிடந்தால் கிருமித்தொற்று வரும் ஆபத்து உண்டு, அரிதுதான், ஆனால் வந்தால் கருவிழியில் புண்ணாகித் தழும்பு விழலாம். நம் வீட்டில் கைகழுவுவது கிணற்றுத் தண்ணீரில். லென்ஸில் ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது, கிணறோ குழாயோ எதுவானாலும். எட்டு வயதுக்காரியை நம்பி, அல்லது காலையில் ஐந்தரைக்கு எழும்பி ஓடுகிற என்னை நம்பி, நான் இதற்குப் போகவில்லை. ஒழுங்கான வீட்டுக்காரர் போகலாம்.

அடுத்தது அட்ரோபின் துளி மருந்து, அதிகம் குழப்பமுள்ளதும் இதுதான். நம் வேலிக்கரையில், வெறும் வளவில் எல்லாம் வெள்ளைப் புனல்மாதிரிப் பூத்துக் கிடக்கிற ஊமத்தையில் இருக்கிற நஞ்சுகளில் அட்ரோபினும் ஒன்று. யாராவது கைமருத்துவம் என்று ஊமத்தையோடு பிள்ளையின் கண்ணுக்குக் கிட்ட வந்தால் அடித்துத் துரத்துங்கள். மருந்தாக வருகிற அட்ரோபின் கண்மணியை விரிக்கும், கிட்டப் பார்க்கிற தசையைத் தளர்த்தும். 2006இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில் 1 சதவீத மருந்தைப் பிள்ளைகளுக்குத் தினமும் விட்டுப் பார்த்தார்கள். பவர் ஏறுவது நன்றாகக் குறைந்தது, ஆனால் வெயிலில் கண் கூசும், புத்தகம் வாசிக்க ஏலாது, நிறுத்தினால் விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் திரும்ப ஏறியது. பிறகு அதே இடத்தில் நூறில் ஒரு பங்காக்கி 0.01 சதவீதத்தை விட்டார்கள். பக்கவிளைவு மிகக் குறைவு, நிறுத்தினாலும் பாயவில்லை. உலகம் முழுக்க 0.01 எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் சிக்கல். பவர் ஏறுவது குறைந்தாலும், கண் நீள்வதை அந்த 0.01 பெரிதாகக் குறைக்கவில்லை என்று தெரிய வந்தது. 2023இல் அமெரிக்காவில் வெளியான, 0.01ஐயும் மருந்தில்லாத வெறும் துளியையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இரண்டு வருடத்துக்குப் பிறகும் வித்தியாசமே தெரியவில்லை. இடையில் ஹொங்கொங்கில் லாம்ப் என்ற ஆய்வு 0.05, 0.025, 0.01 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முதல் வருடத்தில் பவர் ஏறுவது முறையே 67, 43, 27 சதவீதம் குறைந்தது. அளவு கூடக் கூடப் பலனும் கூடுகிறது, 0.05ஐயும் அனேகமான பிள்ளைகள் தாங்கினார்கள். அதே குழு 2023இல் இன்னொன்றும் வெளியிட்டது: இன்னும் குறும்பார்வை வராத 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இரவில் 0.05 விட்டபோது, இரண்டு வருடத்தில் 28 சதவீதமானவர்களுக்குத்தான் வந்தது, வெறும் துளி விட்டவர்களில் 53 சதவீதம். வராமலே தள்ளிப்போடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. மகளுக்குக் காலம் கடந்துவிட்டது, தங்கச்சியின் மகனுக்கு ஐந்து வயது, தகப்பன் தாய் இரண்டு பேருக்கும் கண்ணாடி, அவளுக்கு இதை அனுப்பியிருக்கிறேன்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தசையைத் தளர்த்துவதால்தான் என்று முன்பு சொன்னார்கள். கோழிக்குஞ்சின் கண்தசை நம்முடையதிலிருந்து வேறுபட்டது, அட்ரோபின் அதைத் தளர்த்தாது, ஆனாலும் குஞ்சின் கண் நீள்வது குறைகிறது. ஆகவே தசைக் கதை போதாது. ஜப்பான் 2024 டிசெம்பரில் 0.025 சதவீத மருந்தை ஏற்றது, ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 0.01ஐ ஏற்றது. ஐரோப்பா ஏன் கீழ் அளவோடு நின்றது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஹொங்கொங் எண்களைப் பார்த்த பிறகு.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதிக்க விடுகிற அட்ரோபின் 1 சதவீதம். அதாவது இங்கே பேசுவதைவிட இருபது மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கடுமை. அதை வாங்கி வீட்டில் சேலைனில் கலந்து விடலாமா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கூடாது. கிருமி சேரும், அளவும் தெரியாது, மிச்சத்தைச் சின்னப் பிள்ளை தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

சிவப்பு வெளிச்ச மெசினைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். சீனாவிலிருந்து வந்த முறை: ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சிவப்பு வெளிச்சத்துக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். எண்களைப் பார்த்தால் எல்லாவற்றையும்விட நல்ல பலன். ஆனால் 2023இல் அதைப் பாவித்த 12 வயதுப் பிள்ளையின் விழித்திரை பழுதான கதை மருத்துவ இதழில் வந்தது, சீன அரசே அதைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய கருவிகளின் பட்டியலுக்கு உயர்த்திவிட்டது. என் பிள்ளையின் கண்ணுக்கு நான் விடமாட்டேன். இணையத்தில் மலிவாக வாங்கிவிடாதீர்கள்.

இனி வெயிலுக்கு வருவோம், எனக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான். 2008இல் வெளியான ஓர் ஒப்பீடு: சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழ்கிற, சீன வம்சாவளிப் பிள்ளைகள், 6, 7 வயது. சிங்கப்பூரில் 29 சதவீதமானவர்களுக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3 சதவீதம். இரண்டு இடத்திலும் பெற்றோர் எத்தனை பேருக்குக் கண்ணாடி என்பதில் பெரிய வித்தியாசமில்லை. சிட்னிப் பிள்ளைகள் வாசித்ததும் குறைவில்லை. வித்தியாசம் வெளியில் நின்ற நேரம்: சிட்னியில் கிழமைக்குப் பதின்மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல், சிங்கப்பூரில் மூன்று மணித்தியாலம். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், சீனாவின் குவாங்சோ நகரத்தில் பள்ளிக்கூட நேரத்தில் நாற்பது நிமிடம் மட்டும் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் குறும்பார்வை புதிதாக வந்தவர்கள், அப்படி விடாத பள்ளிக்கூடங்களில் 39.5 சதவீதம், விட்ட பள்ளிக்கூடங்களில் 30.4. தாய்வான் 2010இலிருந்து தினமும் 120 நிமிடம் வெளியில் என்பதைப் பள்ளிக்கூடக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. விளையாட்டு இல்லை காரணம், வெளிச்சம்தான். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டொபமீன் என்ற இரசாயனத்தைச் சுரக்கிறது, அது கண் நீள்வதை அடக்குகிறது என்பதுதான் இப்போதைக்கு நல்ல விளக்கம். வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில், வகுப்பறையில் 300, 500 இருந்தால் அதிகம், வெளியில் வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். மரநிழலிலும் ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும், தாய்வானில் 2018இல் வந்த ஆய்வில் அதுவே பலன் தந்தது. ஆகவே உச்சி வெயிலில் நிறுத்தத் தேவையில்லை. வேப்பமர நிழல் போதும், தொப்பி போடலாம்.

"வெயில்லை நிண்டு கறுத்துப்போவாள்" என்பது அம்மாவின் அடுத்த கட்சி. அதற்கு நான் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன்.

குவாங்சோவில் எடுக்கிற சிரமம் நமக்குத் தேவையா? வருடம் முழுக்க வெயில். அனேகம் வீடுகளுக்கு முற்றமும் வளவும் இருக்கிறது. ஆனால் பிள்ளையை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் இறக்கினால் ஒன்றரைக்கு எடுத்து, சோறு தீத்தி, இரண்டரைக்கு ரியூசன் கொட்டிலில் விடுகிறோம், அங்கே தகரக்கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள், ஒரு ரியூப் லைற், மடியில் கொப்பி. இருட்டுகிற நேரம் வீடு. சனி ஞாயிறும் அதே. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்குகிறோம். கண் மிக வேகமாக நீள்கிற வயது ஏழிலிருந்து பத்துப் பதினொன்று வரை. எட்டு வயதில் தொடங்கினவருக்கும் பதின்மூன்றில் தொடங்கினவருக்கும் கடைசிப் பவரில் பெரிய வித்தியாசம் இருப்பது அதனால்தான். அந்த வயதும் புலமைப்பரிசில் வயதும் அச்சொட்டாக ஒன்று. பிள்ளையின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகத் தேவையான மூன்று வருடத்தைத் தேடிப்பிடித்து நாம் கொட்டிலுக்குள் அடைக்கிறோம். கொரோனா காலத்தில் சீனாவில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தபோது என்ன நடந்தது என்று தெரியுமா? ஒரு நகரத்தில் 6 வயதுப் பிள்ளைகளில் குறும்பார்வை முந்தைய வருடங்களில் 6 சதவீதத்தைத் தாண்டியதில்லை, 2020இல் 21 சதவீதத்துக்கு மேல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: வெளிச்சம் குறும்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் கெட்டி, வந்த பிறகு ஏறுவதைத் தடுப்பதில் அவ்வளவு இல்லை. ஆகவே கண்ணாடி வந்த பிள்ளைக்கு வெயில் மட்டும் போதும் என்று இருக்கவேண்டாம். கண்ணாடி வராத தம்பி தங்கச்சியை முற்றத்துக்கு விரட்டுங்கள், அங்கேதான் பெரிய பலன். நாங்கள் மகளுக்கு ஒரு ரியூசனை நிறுத்தினோம். அந்த நேரம் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒழுங்கையில் நிற்கிறாள். மாமி இன்னும் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

ஊரில் உலாவுகிற இன்னும் இரண்டு கதை. "பவரைக் குறைச்சுப் போட்டா கண் பழகிச் சோம்பல் படாது" என்று கண்ணாடிக் கடைகளிலேயே சொல்வார்கள். 2002இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில் வேண்டுமென்றே முக்கால் பவர் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது. மற்றது நீல வெளிச்சம். பிறேம் பார்க்கப் போன ஒரு கடையில், பவர் ஏறாமல் இருக்க ஏதாவது வில்லை இருக்கிறதா என்று கேட்டேன். பொடியன் உடனே ஒரு சின்ன நீல ரோச்சை எடுத்து, வில்லைக்கு ஊடாக ஒரு அட்டையில் அடித்துக் காட்டினான். "பாருங்கோ அக்கா, புளூ கட், வெளிச்சம் அந்தப் பக்கம் போகேல்லை. போன் பாத்தாலும் பவர் ஏறாது." அட்டையில் நீலம் விழவில்லைதான், வித்தை நல்லாயிருந்தது. ஆனால் நீல வெளிச்சத்தை மறைத்தால் குறும்பார்வை மெதுவாகும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. போனில் பிரச்சினை அதன் நிறமில்லை, அதை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பதும், அது பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதும்தான்.

டொக்டரிடம் போகும்போது பவரோடு சேர்த்துக் கண்ணின் நீளத்தையும் அளக்க முடியுமா என்று கேளுங்கள். கற்றரக்ட் ஒப்பரேசனுக்கு முன் அம்மாவின் கண்ணை வெளிச்சம் அடித்து அளந்த அதே மாதிரி மெசின்தான், வலியில்லை, சில விநாடி. அரை வருடத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதிவைத்தால் வேகம் தெரியும், கொடுக்கிற வைத்தியம் வேலை செய்கிறதா என்பதும் தெரியும். பவர் மட்டும் பார்த்தால் கால் பவர் அங்கே இங்கே ஆடும், நீளம் அப்படி ஆடாது. எங்கள் டொக்டர், வேகம் குறையாவிட்டால் கண்ணாடியோடு 0.025 அட்ரோபினும் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு காலத்துக்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த கொமெற் என்ற ஆய்வில் பவர் ஏறுவது நின்ற சராசரி வயது பதினைந்தரை, 18 வயதில் நாலில் மூன்று பேருக்கு நின்றிருந்தது, மிச்சப் பேருக்கு அதற்கும் பிறகு. இடையில் திடீரென்று மருந்தை நிறுத்தினால், அதுவும் சின்ன வயதில் நிறுத்தினால், திரும்ப வேகமாக ஏறும். ஆகவே ஓ.எல் தாண்டி, ஏ.எல் வகுப்புகள் வரைக்கும் என்று வைத்துக்கொண்டு காசுக்கணக்குப் போடுங்கள். பிறேம் உடைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் முதலாவது ஏற்கெனவே போய்விட்டது.